கோல் ஒன்று, அளவு இரண்டு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியோர் சொல்லி வைத்தனர். சொந்த ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நாட்டில் உத்தியோகமோ கூலியோ பார்த்து, இருபது முப்பது ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு ஒரு கூரை எழுப்ப முனையும் நம் சங்கக் குடும்பத்தாருக்கு இவ்வெச்சரிக்கை இரு மடங்கு பொருந்தும். செங்கல்லையும் சிமெண்டையும் பற்றி நாலு பேரிடம் விசாரிக்காதவர் இல்லை. மரத்தைப் பற்றி மட்டும் "நல்ல மரமா?" என்று கேட்பதோடு நிறுத்திக் கொள்கிறோம். "என்ன அளவு?" என்று கேட்போர் அரியர். பாலக்காட்டுக் கணவாய் தொடங்கி இடுக்கி மாவட்டத்து மறையூர், மூணாறு வரை எல்லைப்புறத்தைப் பல தடவை சுற்றி வந்ததில் நாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் இக்கேள்வியை முன்வைத்தே எழுதுகிறோம்.

கணவாயும் காற்றும்

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு நெடுஞ்சுவர் என்று கொண்டால் அதன் பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். அதன் அகலம் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர். கோயம்புத்தூரிலிருந்து வரும் வண்டி வாளையாற்றைக் கடந்ததும், இருமருங்கும் மலை விலகி நிற்க, நடுவே வயலும் பனையும் விரிகின்றன. கரும்பனைகள் ஓயாது தலையசைத்து நிற்பதைக் கண்டவர் இந்நாட்டுக் காற்றின் வலிமையை உணர்வர். ஒருபுறம் ஆடி மழை, மறுபுறம் கணவாய்க் காற்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஓட்டுக்கூரை அசையாது நிற்க வேண்டுமெனில், அதைத் தாங்கும் மரச்சட்டம் சரியாக அமைதல் வேண்டும்.

இந்தச் சிறு நிலப்பரப்பு 1956ஆம் ஆண்டுக்கு முன் ஓர் அரசின் கீழ் இருந்ததன்று. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. அருகிலுள்ள சிற்றூர் கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்தது. மூணாறும் மறையூரும் திருவிதாங்கூரில் அடங்கின. 1956 நவம்பர் முதல் நாள் இவை யாவும் கேரளத்தில் ஒன்றாயின. பாலக்காடு 1957லும் இடுக்கி 1972லும் தனி மாவட்டங்கள் ஆயின. அரசுகள் ஒன்றானாலும் தச்சர் கையிலிருந்த கோல்கள் ஒன்றாகவில்லை. அதைப் பின்னர்க் கூறுவோம்.

தண்டவாளத்தின் கீழ்க் கிடந்த மரம்

ரயில்வேக்காரராகிய நமக்கு மரத்தின் அளவு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஸ்லீப்பர் கட்டை. அகலப்பாதைக்கு 9 அடி நீளம், 10 அங்குல அகலம், 5 அங்குலக் கனம். மீட்டர் பாதைக்கு 6 அடி நீளம், 8 அங்குல அகலம், 4½ அங்குலக் கனம் என்று அளவு விதிக்கப்பட்டிருந்தது. அகலப்பாதைக் கட்டை ஒன்று கணக்குப்படி 3⅛ கன அடி. கட்டை ஒவ்வொன்றும் அளந்து பார்க்கப்பட்ட பின்னரே முத்திரை பெறும். கனம் குறைந்த கட்டையை ஒப்புக்கொண்டால் ஆணி பிடிக்காது. ஆணி பிடிக்காவிடில் தண்டவாளத்தின் இடைவெளி விலகும். விலகினால் வண்டி கவிழும். ஆதலின் "ஏறத்தாழ" என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை. இன்று பாதை முழுதும் கான்கிரீட் ஸ்லீப்பரே வழக்கம். மரக்கட்டை சில பாலங்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆயினும் கழிக்கப்பட்ட பழைய கட்டைகளை ஏலத்தில் எடுத்து உத்திரமாகவும் நிலையாகவும் அறுத்துப் போட்ட வீடுகள் ரயில் நகரங்களில் இன்னும் உண்டு. பழைய கட்டையில் ஆணித் துளைகள் இருக்கும். அவற்றை நீக்கி அளந்தே வாங்க வேண்டும்.

மரத்துக்காகவே போடப்பட்ட பாதைகளும் இப்பக்கத்தில் உள்ளன. ஷோறனூரிலிருந்து நிலம்பூர் வரை 66 கிலோமீட்டர் செல்லும் கிளைப்பாதை 1927ல் முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அதன் தண்டவாளங்கள் பெயர்த்துக் கொண்டு போகப்பட்டன. 1954ல் மீண்டும் போடப்பட்டன. நிலம்பூரில் 1840களில் கலெக்டர் கானலியின் முயற்சியாலும் சாத்து மேனோனின் உழைப்பாலும் நடப்பட்ட தேக்குத் தோட்டம், உலகில் முறையாக நடப்பட்ட தேக்குத் தோட்டங்களில் மிகப் பழையது. நெடுக நின்ற அம்மரங்களின் இடையே நடப்பவர், ஒரே அளவாக மரம் கிடைப்பதற்கு ஒரே காலத்தில் நட்டு வளர்ப்பது எவ்வளவு உதவி என்பதைக் கண்கூடாகக் காணலாம்.

பறம்பிக்குளத்து டிராம்

பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் பறம்பிக்குளத்துக்குச் சாலை வழியே செல்வோர் தமிழ்நாட்டின் வழியாகவே செல்ல வேண்டும். பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று ஏறிச் சென்றால் மீண்டும் கேரள எல்லை வருகிறது. டாப்ஸ்லிப் என்ற பெயரே மலையுச்சியிலிருந்து மரத்தைச் சறுக்கி விட்டதனால் வந்தது என்பர். அங்கு துணக்கடவுக்கு அருகே கன்னிமரத் தேக்கு என்னும் பெருமரம் நிற்கிறது. சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். உயரம் 40 மீட்டரை நெருங்குகிறது. கைகோத்துச் சுற்றி நிற்க நாலைந்து பேர் வேண்டும்.

அக்காட்டுத் தேக்கையும் ஈட்டியையும் இறக்குவதற்காகக் கொச்சி அரசு ஒரு டிராம் பாதை போட்டது. 1907ல் திறக்கப்பட்டு 1963ல் மூடப்பட்ட அப்பாதை, பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். செங்குத்தான சரிவுகளில் இயந்திரம் இல்லாமலே வேலை நடந்தது. கம்பி வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்க, அதன் பாரமே மறுமுனையில் வெற்று வண்டியை மேலே இழுக்கும். சாலக்குடியில் மரம் பெரிய ரயிலுக்கு மாற்றப்பட்டது. இன்று அப்பாதையைக் காடு விழுங்கிவிட்டது. நம் பாட்டனார் காலத்து வீடுகளில் கை அகலத்துக்குக் குறையாத உத்திரங்கள் கிடப்பதற்கு இத்தகைய பாதைகளும் ஒரு காரணம். அக்காலத்துக் காட்டு மரத்தின் பருமனை இன்று எதிர்பார்த்தல் இயலாது. மரம் சிறுத்துவிட்ட காலத்தில் அளவைக் காப்பது முன்னிலும் அவசியமாகிறது.

இரு கோல்

தச்சர் வேலையில் கோல் என்பதே தலையாய கருவி. எல்லைக்கு இருபுறத்தும் பெயர் ஒன்றே. நீளம் மட்டும் வேறு. தமிழ்நாட்டுத் தச்சரின் கோல் 24 விரல் கொண்டது. விரல் ஒன்றுக்கு 1⅜ அங்குலமாக மொத்தம் 33 அங்குலம். கேரளத்தில் பெரிதும் வழங்கும் கோலும் 24 விரலே. ஆயினும் அது 72 சென்டிமீட்டர், அதாவது 28⅜ அங்குலத்துக்குச் சற்றே குறைவு. பத்துக் கோல் நீளமுள்ள கூடம் என்று சொன்னால் உடுமலைப்பேட்டை ஆசாரிக்கு அது 27½ அடி. பாலக்காட்டு ஆசாரிக்கு 23½ அடியும் சிறிதும். ஏறக்குறைய 4 அடி வித்தியாசம்! இதற்கு மேலும், கேரளத்துத் தச்சு நூல்கள் 24 விரல் முதல் 31 விரல் வரை எட்டு வகைக் கோல்களைக் கூறுகின்றன. பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் எழுதிய மனுஷ்யாலய சந்திரிகை வீடு கட்டுவோருக்கென்றே இயற்றப்பட்டது. அதிலும் அளவே அடிப்படை.

கோலின் பெருமையைச் சொல்லும் கதையும் இம்மாவட்டத்தில் உண்டு. பன்னியூர் வராகமூர்த்தி கோயிலில் பெருந்தச்சன் தன் முழக்கோலையும் உளியையும் விட்டுச் சென்றான் என்றும், அது முதல் அக்கோயிற் பணி முடிவதில்லை என்றும் ஊரார் கூறுவர். கதை எவ்வாறாயினும், கோல் போனால் வேலை முடியாது என்னும் அதன் பொருள் மெய்யே.

எல்லைப்புறத்தில் வீடு கட்டுவோரில் பலர், மரத்தை ஒரு பக்கத்தில் வாங்கி, ஆசாரியை மறுபக்கத்திலிருந்து அழைத்து வருகின்றனர். அவர்கள் கோல் கணக்கில் பேசினால் எந்தக் கோல் என்று முதலில் கேட்டுத் தெளிவது நலம். அடி, அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ எழுதி வாங்குவது அதனினும் நலம்.

மறையூரும் மூணாறும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிப் பாதையில் செல்லும் வண்டி கொல்லங்கோடு, முதலமடை மாந்தோப்புகளைக் கடந்து மீனாட்சிபுரம் வழியே தமிழ்நாட்டில் நுழைகிறது. மீட்டர் பாதையாக இருந்த இது 2015ல் அகலப்பாதையாயிற்று. உடுமலைப்பேட்டையில் இறங்கிப் பேருந்தில் ஏறினால் சின்னாறு வழியாக மறையூர். மழை மறைவுப் பிரதேசமாதலால் சின்னாற்றில் முள்மரமும் கள்ளியுமே மிகுதி. மறையூரில் சந்தன மரங்கள் இயற்கையாக வளர்கின்றன. பாறைகளின் மேல் முன்னோரின் கல்திட்டைகள் நிற்கின்றன. மறையூர், காரையூர், காந்தளூர், கீழாந்தூர், கொட்டகுடி என்னும் ஐந்தூர்களையும் அஞ்சுநாடு என்பர். தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தோர் என்று கூறும் அவ்வூரார் இன்றும் வீட்டில் தமிழே பேசுகின்றனர். நம்மைப் போன்ற குடியேறிகளுக்கு அவர்கள் மூத்தோர் எனலாம்.

சந்தனத்தை வீட்டு வேலைக்கு எண்ணவே கூடாது. அது அரசின் காவலில் உள்ள பொருள். தேக்கு, ஈட்டி முதலியவற்றுக்கும் பட்டா நிலங்களில் பலவகைக் கட்டுப்பாடுகள் உண்டு. எல்லை தாண்டி மரம் கொண்டு செல்வோர் வனத்துறைச் சீட்டுப் பெற்றே செல்ல வேண்டும். அச்சீட்டிலும் மரத்தின் அளவே முக்கியம். வண்டியில் உள்ள மரமும் சீட்டில் உள்ள அளவும் ஒவ்வாவிடில் வீடு கட்ட வேண்டியவர் வழக்குக்கு அலைய நேரும்.

மூணாற்றில் 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு ரயில் ஓடி, தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டு சென்றது. அங்கிருந்து கம்பி வடத்தில் அது போடிப் பக்கம் இறங்கியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது. அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் பெரும்பாலும் தமிழ்க் குடும்பத்தார். அவர்கள் வாழ்ந்தது லயம் என்னும் வரிசை வீடுகளில். தோட்டத்தார் தொழிலாளருக்கு வீடு அளிப்பதை 1951ஆம் ஆண்டுச் சட்டம் கடமையாக்கியது. வேலையை விட்டு ஓய்வு பெறும் நாளில் லயத்தையும் விட்டுப் போக வேண்டும் என்பதே அவர்தம் பெருங்கவலை. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்து 70 பேர் மாண்டதை நாம் மறக்கவொண்ணாது. அங்கே எந்த உத்திரமும் எந்த அளவும் காத்திராது. ஆகவே இடம் பார்ப்பது முதல். மரம் பார்ப்பது பிறகு. இவ்வரிசையை மாற்றுதல் கூடாது.

அரை அங்குலத்தின் விலை

நம் சிற்றப்பா அத்தகைய தோட்டமொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த தொகையைக் கொண்டு பாலக்காட்டுக்குக் கிழக்கே சிறு மனை வாங்கி ஓட்டு வீடு கட்டினார். கைமரத்துக்கு 12 அடி நீளத்தில் 4 அங்குலம், 2 அங்குலம் என்று 60 சட்டங்கள் கேட்டு ஒரு மரவாடியில் பணம் செலுத்தினார். வந்திறங்கிய சட்டங்களை மூத்தாசாரி அளந்து பார்த்தார். பெரும்பாலானவை 3½ அங்குலமும் 1¾ அங்குலமுமே இருந்தன. "ஐயா, இதை நான் ஏற்ற மாட்டேன். கூரை ஏறினால் என் பேரும் கூடவே ஏறும்" என்று அவர் சொல்லிவிட்டார். மழைக்கு ஒரு மாதமே இருந்தது. சிற்றப்பாவோ, "அரை அங்குலந்தானே, போகட்டும் ஆசாரி" என்றார். கணக்கெழுதும் உத்தியோகம் பார்ப்பவர் என்பதால் நம்மை அழைத்துக் கணக்குப் பார்க்கச் சொன்னார்.

கணக்கு இதுதான். கேட்ட அளவில் 60 சட்டங்களுக்கு 40 கன அடி. வந்த அளவிலோ 30½ கன அடிக்குச் சற்று மேல். பணம் நாற்பதுக்கு, மரம் முப்பதுக்கு. இது பண நஷ்டம் மட்டுமே. வலிமையின் நஷ்டம் இதைவிடப் பெரிது. நிறுத்தி வைத்த சட்டத்தின் தாங்கும் வலிமை, அதன் அகலத்தை உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவைப் பொறுத்தது. வளையாமல் நிற்கும் விறைப்போ உயரத்தின் கனத்தைப் பொறுத்தது. அதன்படி அச்சட்டங்களின் வலிமை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விறைப்பு நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் குறைந்திருந்தது. உயரத்தில் மட்டும் அரை அங்குலம் போனால்கூட வலிமையில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். நாலுக்கு இரண்டு சட்டத்தைப் படுக்க வைத்தால் நிறுத்தி வைத்ததில் பாதி வலிமையும் கால் பங்கு விறைப்புமே கிடைக்கும் என்பதையும் இக்கணக்கே காட்டுகிறது.

சிற்றப்பா தாளை இருமுறை படித்தார். மறுநாள் நாம் மூவரும் அளவு நாடாவும் ரசீதும் எடுத்துக்கொண்டு மரவாடிக்குச் சென்றோம். ரசீதில் அளவு எழுதியிருந்ததால் பேச்சு நெடுநேரம் நீளவில்லை. நாற்பது சட்டங்களை மாற்றித் தந்தனர். எஞ்சியவற்றின் விலையைக் குறைத்தனர். குறைந்த சட்டங்களை மூத்தாசாரி சமையற்கட்டின் சிறு சாய்ப்புக்கு, இடைவெளியை நெருக்கிப் போட்டார். வேலை மூன்று வாரம் தாமதமாயிற்று. முதல் மழை பெய்தபோது கூடத்தில் ஓடு ஏறியிருந்தது. சமையற்கட்டில் பனையோலையே இருந்தது. ரசீதில் "கைமரம் 60" என்று மட்டும் இருந்திருந்தால் அக்குடும்பத்தின் கதி வேறாகியிருக்கும்.

ஒரே அளவு ஏன் வேண்டும்?

கேரளத்துக் கூரையில் கைமரத்தைக் கழுக்கோல் என்பர். கழுக்கோல்களில் சதுரத் துளையிட்டு, வளை என்னும் மரத்தை அத்துளைகளினூடே குறுக்கே செலுத்திப் பிணைப்பது பழைய முறை. ஒரு கழுக்கோல் கனத்திலோ உயரத்திலோ மாறினால் துளை நேர்படாது. ஆசாரி செதுக்கிச் செதுக்கி அதனைப் பலவீனமாக்க வேண்டியிருக்கும். அதன் மேல் அடிக்கும் ரீப்பர் வழக்கமாக 2 அங்குலம், 1 அங்குலம். மங்களூர் ஓட்டுக்கு ரீப்பரின் இடைவெளி பெரும்பாலும் 12½ அங்குலத்தை ஒட்டியிருக்கும். வாங்கிய ஓட்டை வைத்துப் பார்த்தே அதை உறுதி செய்ய வேண்டும். ரீப்பர் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால் ஓடு ஆடும். ஆடும் ஓட்டைக் காற்று தூக்கும். நீர் உள்ளே இறங்கும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய நம் பிள்ளைகள் வாழும் வீடுகளில் சுவரே மரச்சட்டத்தால் ஆனது. அங்கு "டூ பை ஃபோர்" என்று பெயர் பெற்ற சட்டம் உண்மையில் 1½ அங்குலமும் 3½ அங்குலமுமே. ஆனால் அங்கே அது ஏமாற்று அன்று. இழைத்த பின் நிற்கும் அளவு இதுவென நாடு முழுவதற்கும் விதிக்கப்பட்டு, 1970 முதல் இவ்வளவு நிலைபெற்றுள்ளது. சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தினால் 4 அடி அகலப் பலகை மூன்று இடைவெளிகளைச் சரியாக மூடும். பெயர் ஒன்றும் அளவு வேறொன்றுமாயினும் எல்லாரும் அறிந்த விதி இருப்பதால் வீடு நிற்கிறது. நம் எல்லைப்புறத்திலோ விதி எழுத்தில் இல்லாவிடில் சட்டத்துக்குச் சட்டம் மாறுகிறது.

மரம் வாங்குவோர் கவனிக்க

உருண்டை மரமாக வாங்குவோர் காலிற்சுற்றுக் கணக்கை அறிந்திருத்தல் நன்று. சுற்றளவில் நாலில் ஒன்றை எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 48 அங்குலச் சுற்றும் 12 அடி நீளமும் உள்ள மரம் இக்கணக்கில் 12 கன அடி. உண்மையில் அதில் 15¼ கன அடி உண்டு. மிகுதி அறுப்பில் கழியும் என்று விட்டுக் கொடுப்பது. 1736ல் ஹாப்பஸ் என்னும் ஆங்கிலேயர் அச்சிட்ட அட்டவணையால் பரவிய முறை இது.

அறுத்த மரமாக வாங்குவோர் பின்வருவனவற்றை நினைவிற் கொள்க. அறுப்பளவா, இழைத்த அளவா என்பதை ரசீதில் எழுதச் செய்க. இழைப்புளி பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவு எடுத்துவிடும். பச்சை மரம் காய்ந்தால் அகலத்திலும் கனத்திலும் சுருங்கும், நீளத்தில் சுருங்குவது மிகச் சொற்பம். ஆதலின் காய்ந்த மரத்தையே அளந்து வாங்குக. சட்டத்தை ஒரு முனையில் மட்டுமன்றி இரு முனையிலும் நடுவிலும் அளக்க. ஓரத்தில் வெள்ளை மிகுந்திருந்தால் அதனை அளவிற் சேர்க்கற்க, வைரமே மரம். அவ்வைரத்தை மலையாளத்தார் "காதல்" என்கின்றனர், பொருத்தமான பெயரே. பனங்கை வாங்குவோர் அடிமரத்தின் வெளிப்புறம் மட்டுமே உறுதியுள்ளது என்பதையும், உட்புறம் சோறு போன்று மென்மையானது என்பதையும் அறிக. கதவு நிலைக்கு 4 அங்குலம், 3 அங்குலம் பொது வழக்கு. 5 அங்குலம், 3 அங்குலமும் உண்டு. எதுவாயினும் கதவின் கனத்தை ஆசாரியிடம் சொல்லித் தீர்மானிக்க.

இக்காலத்தில் பலர் கான்கிரீட் தளமோ இரும்புக் குழாய்க் கூரையோ போடுகின்றனர். இரும்புக் குழாயிலும் தகட்டின் கனம் குறைந்தால் விளைவு ஒன்றே. பொருள் மாறலாம், அளக்கும் கடமை மாறாது.

வாசக அன்பர்களே, நாம் வந்து குடியேறிய நாட்டில் நமக்குப் பாட்டன் வீட்டு முற்றமும் இல்லை, பழகிய மரக்கடையும் இல்லை. நம்மிடம் உள்ளது ஓர் அளவு நாடாவும் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுமே. மரம் இறங்கும் நாளில் அப்பிள்ளைகளை அருகே நிறுத்தி அளக்கச் செய்யுங்கள். தத்தம் ஊரில் வழங்கும் கோலின் அளவையும் மரத்தின் பெயர்களையும் அறிந்த பெரியோர் இவ்விதழுக்கு எழுதினால், இனி வீடு கட்டப் போகும் குடும்பங்களுக்கு அது பேருதவியாகும்.